ஒன்பதாம் வகுப்பு வீட்டில் தொடங்குகிறது: எதைத் திட்டமிடுவது, எதை எழுதி வைப்பது?

வாசகி ஒருவரின் கடிதம்: "எங்கள் மகனுக்கு 14 வயது. ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு வீட்டில்தான் படிக்கிறான். இதுவரை எதையும் எழுதி வைக்கவில்லை. படித்தான், புரிந்தது, அடுத்ததுக்குப் போனோம், அவ்வளவுதான். இப்போது ஒன்பதாம் வகுப்பு வயது வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. அவன் அப்பா நான்கு வருடத்துக்கும் சேர்த்து மணிக்கணக்கில் அட்டவணை போட்டார், மூன்றாவது வாரமே நின்றுவிட்டது. மகன் முக்கால்வாசி நேரம் மழை, காற்று, வெப்பம் அளக்கும் கருவி ஒன்றைச் செய்வதிலேயே கிடக்கிறான். இதையெல்லாம் படிப்பு என்று எந்தக் கல்லூரி ஒத்துக்கொள்ளும்? மதிப்பெண் யார் போடுவது? இரவில் தூக்கமே வரவில்லை."

சகோதரிக்கு வணக்கம்.

அட்டவணை மூன்றாவது வாரத்தில் நின்றதை முதலில் மனதிலிருந்து இறக்கி வையுங்கள். 15 வருடமாக வீட்டுக்கல்விக் குடும்பங்களின் கோப்புகளைப் பார்த்து வருகிறேன், நான்கு வருடத்துக்கு மணிவாரியாகப் போட்ட அட்டவணை ஒன்றுகூட முழுதாக ஓடி நான் பார்த்ததில்லை. ஒழுங்கான பிள்ளைகள் வீட்டிலும் அதே கதைதான். உங்கள் வீட்டில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: திட்டம் அளவுக்கு மீறி இருக்கிறது, பதிவு அறவே இல்லை. பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான். வரப்போகும் நாளை நிமிடம் நிமிடமாக எழுதுகிறோம், நடந்து முடிந்த நாளை ஒரு வரிகூட எழுதுவதில்லை. இதை அப்படியே திருப்பிப் போட வேண்டும் என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வருவது. திட்டம் மாறிக்கொண்டே இருக்கும், இருக்கலாம். பதிவு மட்டும் நடந்ததை நடந்தபடி, நடந்த வாரத்திலேயே எழுதியதாக இருக்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு வேலை. நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை, அதனால் பொதுவாகச் சொல்கிறேன்: நீங்கள் வசிக்கும் இடத்தின் சட்டத்தை நேராகப் படியுங்கள், யாரோ சொன்னதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஜெர்மனியில் மிக அரிதான விதிவிலக்கு தவிர வீட்டுக்கல்விக்கு இடமே இல்லை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு: நியூயார்க்கில் ஆண்டுத் திட்டமும் காலாண்டு அறிக்கைகளும் கொடுத்தாக வேண்டும், பென்சில்வேனியாவில் வேலைக் கோப்பை மதிப்பீட்டாளர் ஒருவர் பார்க்க வேண்டும், டெக்சாஸில் அறிவிப்புகூடத் தேவையில்லை. இந்தியாவில் வீட்டுக்கல்விக்கென்று தனிச் சட்டம் இல்லை. உங்கள் இடத்தில் ஏதாவது அனுப்ப வேண்டும் என்றால், அனுப்பியதின் நகலும் அவர்கள் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியும்தான் உங்கள் கோப்பின் முதல் இரண்டு தாள்கள்.

சரி, இப்போது திட்டம். அவன் எந்த வாசல் வழியாக வெளியே போகப்போகிறான் என்பதிலிருந்து பின்னோக்கி யோசியுங்கள். பெரும்பாலானவர்களுக்கு வாசல் மூன்றுதான்.

முதலாவது, திறந்தநிலைப் பள்ளி. இந்தியாவின் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்ஐஓஎஸ், 1989-இல் தொடங்கியது. பத்தாம் வகுப்புக்கு நிகரான தேர்வுக்கு 14 வயதில் பதியலாம், பன்னிரண்டுக்கு 15. பதிவு 5 வருடம் செல்லும், அதற்குள் 9 வாய்ப்பு, தேறிய பாடம் தேறியதாகவே கணக்கில் நிற்கும், மிச்சத்தை மட்டும் அடுத்த முறை எழுதலாம். ஆனால் பத்து தேறியதற்கும் பன்னிரண்டுச் சான்றிதழுக்கும் நடுவில் 2 வருட இடைவெளி வேண்டும். இது தெரியாமல் கடைசி நேரத்தில் கணக்குப் போட்டு ஒரு வருடம் இழந்தவர்கள் உண்டு.

இரண்டாவது, கேம்பிரிட்ஜ் போன்ற வாரியங்களில் தனித்தேர்வராக எழுதுவது. பத்தாம் வகுப்புக்கு நிகரான ஐஜிசிஎஸ்இ தேர்வின் அறிவியலில் செய்முறைக்குப் பதிலாக ஒரு எழுத்துத் தாள் எழுத வழி இருக்கிறது, அதனால் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது தோதாக அமைந்துவிடும். அடுத்த படியான, பன்னிரண்டுக்கு நிகரான ஏ லெவல் இயற்பியல், வேதியியல், உயிரியலில் அந்த வசதி கிடையாது, தேர்வு மையத்தின் ஆய்வகத்தில் நின்று செய்துகாட்ட வேண்டும். தனித்தேர்வருக்கு ஆய்வகத் தேர்வு நடத்தச் சம்மதிக்கும் மையம் கிடைப்பதுதான் கஷ்டம், படிப்பு அல்ல. அதனால் மையத்தைத் தேடும் வேலை, பாடத்தைத் தொடங்குவதற்கு முன்னால் வர வேண்டும்.

மூன்றாவது, பெற்றோரே கையெழுத்திட்டுக் கொடுக்கும் மதிப்பெண் பட்டியல், எல்லோரும் சொல்வதுபோல டிரான்ஸ்கிரிப்ட். அமெரிக்கக் கல்லூரிகளில் பல இதை ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் அங்கே நீங்கள் அம்மா மட்டுமல்ல, பள்ளியும் நீங்கள்தான்: காமன் ஆப் என்ற, பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பத்தில் பள்ளி ஆலோசகர் நிரப்ப வேண்டிய பகுதி முழுவதும் உங்கள் தலையில் விழும். பட்டியலோடு நில்லாமல் ஒவ்வொரு பாடத்துக்கும் விளக்கம், எப்படி மதிப்பிட்டீர்கள் என்ற குறிப்பு, ஏன் வீட்டில் படிக்க வைத்தீர்கள் என்பது வரை எழுத வேண்டியிருக்கும். பதிவு இல்லாதவர்கள் மாட்டிக்கொள்வது இந்த மூன்றாவது வாசலில்தான்.

14 வயதில் ஒரே வாசலைப் பிடித்து மற்றதை அடைத்துவிட வேண்டாம். இரண்டு திறந்திருக்கட்டும். அதற்கு நான்கு வருடத்தையும் மணிக்கு மணி கட்ட வேண்டியதில்லை, ஏனென்றால் எல்லாப் பாடமும் ஒரே மாதிரி இல்லை. கணிதம், மொழி, ஆய்வக அறிவியல், இந்த மூன்றும் சங்கிலி மாதிரி, ஒரு கண்ணி விட்டுப்போனால் அடுத்தது தொங்கும். பன்னிரண்டாம் வருடம் நுண்கணிதம் வேண்டும் என்றால் அதற்கு முன் என்ன, அதற்கு முன் என்ன என்று எண்ணிக்கொண்டே வந்தால் இந்த வருடம் அல்ஜீப்ராவில் எங்கே நிற்க வேண்டும் என்று தானாகத் தெரிந்துவிடும். வரலாறு, இலக்கியம், பொருளாதாரம், கலை எல்லாம் எந்த வரிசையில் வந்தாலும் குடி முழுகாது. ஆகவே சங்கிலிப் பாடங்களை மட்டும் நான்கு வருடத்துக்கு எழுதுங்கள், ஒரே தாளில், நான்கு கட்டம். மற்றதை ஆறு மாதத்துக்கு மேல் திட்டமிடாதீர்கள். அவனுடைய அப்பாவுக்கு அட்டவணை போடுவதில் ஆர்வம் இருக்கிறது, அந்த ஒற்றைத் தாளை அவரிடமே கொடுங்கள். தேர்வுப் பதிவுக் கடைசி நாட்களையும் அவர் பொறுப்பிலேயே விடுங்கள். ஏபி, அதாவது பள்ளிப் பருவத்திலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வு, எழுதுவதாக இருந்தால், தேர்வு மே மாதம்தான் என்றாலும், வெளி மாணவனைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளியைப் பிடித்துப் பெயர் கொடுக்கும் வேலை அதற்கு முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே முடிந்திருக்க வேண்டும். இந்த மாதிரித் தேதிகளை நினைவில் வைத்திருக்க வீட்டில் ஒரு ஆள் தேவை.

இப்போது பதிவு. உங்களுக்கு மென்பொருள் எதுவும் வேண்டாம், கோடு போட்ட தடிமனான நோட்டு ஒன்று போதும். வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், 15 நிமிடம். எழுதுவது நீங்கள் அல்ல, அவன். ஒரு மாணவனின் நோட்டில் நான் பார்த்த பக்கம் ஏறக்குறைய இப்படி இருந்தது:

"வாரம் 6. கணிதம்: இருபடிச் சமன்பாடு, பயிற்சி 4.3 வரை. சுமார் 5 மணி. வர்க்கப்பூர்த்தி முறை இன்னும் தடுமாறுகிறது. வரலாறு: முதல் உலகப்போர் தொடக்கம், புத்தகம் பக்கம் 40 முதல் 88, ஒரு பக்கக் கட்டுரை எழுதினேன், அம்மா திருப்பிக் கொடுத்தார், மறுபடி எழுத வேண்டும். வேதியியல்: இந்த வாரம் இல்லை, காய்ச்சல். வெளியே: நீச்சல் 2 முறை."

இவ்வளவுதான். "வேதியியல் இல்லை, காய்ச்சல்" என்ற அந்த வரியைக் கவனித்தீர்களா? எனக்கு அந்த நோட்டு மேல் நம்பிக்கை வந்தது அந்த வரியால்தான். எல்லா வாரமும் எல்லாப் பாடமும் நிறைந்து வழிகிற நோட்டு, ஒரே ராத்திரியில் ஒரே பேனாவில் எழுதியது என்று பார்த்ததுமே தெரிந்துவிடும்.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். ஒரு பெண் கடைசி வருடம், விண்ணப்பம் அனுப்ப ஐந்து வாரம் இருக்கும்போது, பெற்றோருடன் வந்தாள். நன்றாகப் படிக்கிற பெண், கையில் ஒரு தாள் இல்லை. இரண்டு வாரம் உட்கார்ந்து மூன்று வருடத்தைத் திரும்பக் கட்டினோம்: கைபேசிப் படங்களின் தேதி, நூலகத்தில் எடுத்த புத்தகப் பட்டியல், ஆன்லைன் ஆசிரியருக்குப் போன மின்னஞ்சல்கள், புத்தக ஓரத்தில் அவளே எழுதிய குறிப்புகள். வேதியியல் செய்முறைகள் செய்தது வீட்டில் எல்லோருக்கும் நினைவிருந்தது, சமையல் மேடையில் கறை பட்டதுகூட. எத்தனை செய்முறை, எந்த மாதம், என்ன அளவு வந்தது என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாததை எழுத நான் ஒப்புக்கொள்ளவில்லை, ஆய்வகம் என்ற சொல்லையே எடுத்துவிட்டுத்தான் அனுப்பினோம். அவள் உண்மையில் செய்த வேலை அது. இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

உங்கள் மகனின் வானிலைக் கருவிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான், நீங்கள் அதைக் குறையாக எழுதியிருந்தாலும். அது படிப்பு. ஒரு வருடப் பாடமாகவே காட்டக்கூடியது. அமெரிக்கப் பள்ளிகளில் ஒரு கிரெடிட், அதாவது ஒரு வருடப் பாடத்துக்கான அலகு, என்பதற்குப் பழைய அளவு கார்னகி யூனிட், ஏறக்குறைய 120 மணி நேர வகுப்பு. அவன் வாரம் 4 மணி நேரம் உண்மையாகச் செலவழித்தால் 30 வாரத்தில் அது வந்துவிடும். ஆனால் மணி மட்டும் சேர்ந்தால் பாடமாகாது. எதைக் கற்றான், எப்படித் தெரியும் என்பதும் சேர வேண்டும்.

சாய்கிண்ண மழைமானி ஒன்று, அதாவது மழைநீர் நிரம்பியதும் கிண்ணம் தானே சாய்ந்து எண்ணிக்கை காட்டும் கருவி, செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். புனலின் வாய்ப்பரப்பு 100 சதுர செ.மீ., கிண்ணம் ஒருமுறை சாய்ந்தால் 0.2 மி.மீ. மழை என்று கணக்கு. அப்படியென்றால் ஒரு சாய்வுக்கு 2 மி.லி. தண்ணீர். 100 மி.லி. அளந்து மெதுவாக ஊற்றினால் 50 முறை சாய வேண்டும். அவன் ஊற்றினான், 46தான் வந்தது. ஏன்? வேகமாக ஊற்றியதில் சாயும் நொடியில் தண்ணீர் எண்ணாமல் ஓடிவிட்டதா, கிண்ணத்தின் திருகு தளர்ந்து ஒவ்வொரு சாய்வுக்கும் கொஞ்சம் கூடுதலாக நிரம்புகிறதா? வேகத்தைக் குறைத்து மறுபடி ஊற்றுகிறான், எண்ணை எழுதுகிறான், திருகைச் சரி செய்து மறுபடி. இந்த ஒரு மாலை வேலையில் அலகு மாற்றம், பிழை, அளவுத்திருத்தம், பொறுமை எல்லாம் இருக்கிறது. அவன் எழுதி வைத்தால்தான் இருக்கிறது, எழுதாவிட்டால் அது ஒரு பையன் தண்ணீரில் விளையாடிய மாலை, அவ்வளவுதான்.

நாம் படித்த காலத்து ரெக்கார்டு நோட்டு ஞாபகம் இருக்கும்: நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை, முடிவு, எல்லாம் அழகான கையெழுத்தில், விடை எப்போதும் சரியாகவே வரும். அது வேண்டாம். எனக்குக் காட்ட வேண்டியது அந்த 46 இருக்கிற கறைபட்ட ரஃப் நோட்டு. தவறான அளவை அடித்துவிட்டுப் பக்கத்தில் காரணம் எழுதச் சொல்லுங்கள், கிழித்துப் போட விடாதீர்கள்.

வருட முடிவில் அந்த நோட்டிலிருந்து பாட விளக்கம் எழுதுவது ஒரு மணி நேர வேலை. "மின்னணுவியலும் வானிலை அளவியலும், 1 கிரெடிட். வெப்பம், ஈரப்பதம், மழை, காற்று அளக்கும் உணரிகளை ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையுடன் இணைத்து வானிலை நிலையம் வடிவமைத்தல்; அளவுத்திருத்தம்; ஏழு மாதத் தரவைச் சேகரித்துப் பைத்தான் நிரல்மொழியில் வரைபடமாக்குதல். மதிப்பீடு: ஆய்வு நோட்டு 40, இறுதி அறிக்கை 40, வெளி நபர் முன் விளக்கம் 20." இந்த மாதிரி ஐந்தாறு வரி. படித்த புத்தகம் இருந்தால் தலைப்பும் ஆசிரியர் பெயரும் சேருங்கள். ஒன்று மட்டும் கவனம்: அதே மணி நேரத்தை இயற்பியலிலும் கணினியிலும் இரண்டு முறை எண்ணாதீர்கள். அப்புறம், ஏபி என்ற பெயரைப் பாடத்துக்கு நாமாகச் சூட்டக் கூடாது, அந்தத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் பாடத் தணிக்கையில் ஒப்புதல் வாங்கியிருந்தால்தான் அந்தப் பெயர். ஒப்புதல் இல்லாமல் தேர்வை மட்டும் எழுதியிருந்தால், தேர்வில் வாங்கிய மதிப்பைத் தனியாகக் காட்டலாம்.

மதிப்பெண் யார் போடுவது என்று கேட்டீர்கள். நீங்கள்தான். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் எதற்கு எத்தனை என்று பருவம் தொடங்கும் முன்பே எழுதி அவனிடம் காட்டிவிடுங்கள், மேலே 40, 40, 20 என்று இருப்பதுபோல. முடிந்த பிறகு விதி எழுதினால் அது அம்மாவின் மனசுப்படி போட்ட மதிப்பெண் ஆகிவிடும், சில நாள் தாராளம், சில நாள் கோபம். முழுதாகப் பிடிபடும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது உங்கள் முறையென்றால், எல்லாவற்றிலும் ஏ வருவது நியாயம்தான், அந்த முறையை ஒரு வரியில் குறிப்பிட்டுவிடுங்கள். ஜிபிஏ என்ற சராசரி மதிப்பெண் கணக்கும் பெரிய வித்தையில்லை: ஏ என்றால் 4, பி என்றால் 3, கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி மொத்த கிரெடிட்டால் வகுப்பது. ஒரு கிரெடிட் கணிதத்தில் ஏ, அரை கிரெடிட் ஓவியத்தில் பி என்றால் 4 + 1.5, அதாவது 5.5, அதை 1.5-ஆல் வகுத்தால் 3.67.

ஆனால் உங்கள் மதிப்பெண் மட்டுமே பட்டியல் முழுக்க இருக்கக் கூடாது. வெளிச்சாட்சி வேண்டும். பொதுத்தேர்வு ஒன்று, வெளி ஆசிரியரிடம் ஒரு வகுப்பு, கல்லூரி நடத்தும் பாடம், ஏதோ ஒன்று, வருடத்துக்கு ஒன்றாவது. வீட்டில் ஏ, பொதுத்தேர்விலும் அதே தரம் என்று ஒரு பாடத்தில் தெரிந்தால் மற்றப் பாடங்களின் ஏ-யையும் நம்புவார்கள். பரிந்துரைக் கடிதமும் இங்கிருந்துதான் வரும், அதைப் பெற்றோர் எழுத முடியாது, அவன் வேலையை ஒரு வருடமாவது பக்கத்தில் இருந்து பார்த்த பெரியவர் எழுத வேண்டும். அப்படி ஒருவர் பதினோராம் வருடத்துக்குள் அவன் வாழ்க்கையில் இருக்கட்டும். அமெரிக்காவின் இரண்டு வருடச் சமுதாயக் கல்லூரியில் பாடம் எடுப்பதாக இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அங்கே வாங்கும் மதிப்பெண் நிரந்தரக் கல்லூரிப் பதிவு, 15 வயதில் வாங்கிய சி பின்னால் கூடவே வரும். அவன் தயாராகும்வரை பொறுக்கலாம், அவசரமில்லை.

எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது? ஒவ்வொரு பாடத்திலும் வருடத் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று மாதிரிகள், புத்தகப் பட்டியல், வெள்ளிக்கிழமை நோட்டு, சான்றிதழ்கள். மிச்சம் பழைய காகிதம். எல்லாவற்றையும் படமெடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். அப்புறம் பெயர். நம் பிள்ளைகளுக்கு இது பெரிய தலைவலி: ஒரு இடத்தில் இனிஷியல் முன்னால், ஒரு இடத்தில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. முதல் தேர்வுக்குப் பதியும்போதே பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பட்டியலிலும் சான்றிதழிலும் அதையே போடுங்கள். அவனுக்குத் தேர்வில் கூடுதல் நேரம் தேவைப்படும் வகையில் ஏதாவது கற்றல் சிரமம் இருந்தால் அதற்கான மருத்துவ ஆவணத்தையும் இப்போதே தேதியோடு சேருங்கள், கடைசி வருடம் புதிதாக வாங்கிய கடிதத்தைச் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

போன வருடங்களை நினைத்து வருந்தாதீர்கள். பெரும்பாலும் ஒன்பது முதல் பன்னிரண்டு வரைதான் கேட்பார்கள். ஒன்பதுக்கு முன்பே அல்ஜீப்ரா போல ஏதாவது உயர்நிலைப் பாடத்தை முடித்திருந்தால் அதை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள், எந்தப் புத்தகம், எந்த வருடம் என்று. மற்றதை விட்டுவிடலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோட்டை அவன் எழுதும்போது பக்கத்தில் நின்று திருத்தாதீர்கள். ஒரு வாரம் மூன்றே வரி இருக்கும், இருக்கட்டும். மாதக் கடைசியில் மூவரும் உட்கார்ந்து அந்த நான்கு கட்டத் தாளையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் தாளைத் திருத்துங்கள், பையனை அல்ல. கணிதச் சங்கிலி பின்தங்கியிருந்தால் மட்டும் அவனிடம் நேராகப் பேசுங்கள், அது தள்ளிப்போடக் கூடியது இல்லை.

இந்த வெள்ளிக்கிழமையே தொடங்கலாம். மழைமானியிலிருந்தே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். என்றைக்கு எதை மாட்டினான், எது வேலை செய்யவில்லை என்பது அவனுக்குத் தேதிவாரியாக நினைவிருக்கும், முதல் பக்கம் சுலபமாக நிரம்பிவிடும்.